பேக்கப் இருக்கான்னு கேட்காதீங்க, ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தீங்களான்னு கேளுங்க

ஆபீஸில் யாராவது ‘சர்வர்ல இருந்த டேட்டாபேஸ் ஃபைல் டெலிட் ஆயிடுச்சு’ என்றதும் பக்கத்து சீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி, ‘பேக்கப் இருக்கும்ல?’ என்பதுதான். கேள்வியே தப்பு என்பது என் கருத்து. பேக்கப் பெரும்பாலும் இருக்கும். அதிலிருந்து ஃபைல் திரும்பி வருமா என்பதைத்தான் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சின்ன கம்பெனிகளில்தான் இப்படி நடக்கும் என்று நினைக்காதீங்க. கிட்லேப் தெரியும்தானே? உலகம் முழுக்க சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் தங்கள் கோடைச் சேமித்துவைக்கும் தளம். 2017 ஜனவரி 31 இரவு, ஸ்பேம் தொல்லையால் அதன் டேட்டாபேஸில் லோடு ஏறியது. முதன்மை சர்வரின் நகலாக ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது சர்வர் பின்தங்கி, ஒரு கட்டத்தில் நின்றேபோனது. அதில் இருக்கும் டேட்டா ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு, முதன்மை சர்வரிலிருந்து புதிதாக நகல் எடுக்க வேண்டும். ராத்திரி நேரம் வரை இதோடு போராடிக்கொண்டிருந்த இன்ஜினியர், அழிக்கும் கமாண்டை முதன்மை சர்வரிலேயே கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தினார். ஆனால், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது வெறும் 4.5 ஜிபி.

சரி, பேக்கப்? அங்கேதான் கதையே. தினமும் ஒருமுறை டேட்டாபேஸை நகலெடுத்து அமேசான் கிளவுடில் போடும் ஏற்பாடு இருந்தது. திறந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 வெர்ஷன், நகலெடுக்கும் டூல் 9.2 வெர்ஷன். பழைய டூல் புதிய டேட்டாபேஸைத் தொட மறுத்து, ஒவ்வொரு முறையும் எரர் காட்டி நின்றிருக்கிறது. ‘பேக்கப் தோல்வி’ என்று மெயில் போகணுமே? போனது. மெயில் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று மெயில் சர்வர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. டிஸ்க்கை அப்படியே பிடித்துவைக்கும் அஷ்யூர் ஸ்னாப்ஷாட் வசதியோ, மற்ற பேக்கப்கள் போதும் என்ற நம்பிக்கையில் டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவே இல்லை.

கடைசியில் காப்பாற்றியது ஒரு தற்செயல். வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தார். யார்? டேட்டாவை அழித்த அதே இன்ஜினியர்! சோதனை சர்வரின் டிஸ்க் மெதுவானது என்பதால், அதிலிருந்து நகலெடுத்துத் தளத்தை மீட்க சுமார் 18 மணி நேரம் ஆனது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் பதிவானதில் சுமார் 5,000 புராஜெக்ட்களும், 5,000 கமென்ட்களும், 700 புதிய யூசர் கணக்குகளும் போனது போனதுதான்.

இப்போது நம் ஆபீஸுக்கு வருவோம். டேலி டேட்டா ஃபோல்டரோ, ஆக்சஸ் ஃபைலோ நெட்வொர்க் டிரைவில் இருக்கும்; நாலு பேர் அதைத் திறந்து வேலை பார்ப்பார்கள். நெட்வொர்க் டிரைவில் டெலிட் செய்தது உங்கள் கம்ப்யூட்டரின் ரீசைக்கிள் பின்னுக்கு வராது. இது பலருக்கும் டெலிட் பண்ணின பிறகுதான் தெரிகிறது. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ‘பிரீவியஸ் வெர்ஷன்ஸ்’ பாருங்க. சர்வரில் அந்த வசதியை ஐடி டீம் முன்பே போட்டு வைத்திருந்தால், நேற்றைய நகல் அங்கேயே கிடைக்கலாம்.

இல்லையென்றால் உடனே ஐடி டீமுக்குச் சொல்லுங்க. எந்த ஃபோல்டர், என்ன பெயர், கடைசியாக எப்போது சரியாக இருந்தது என்ற மூன்றும் அவர்களுக்குப் போதும். அதுவரை அந்த டிஸ்க்கில் யாரும் புதிதாக எதையும் சேமிக்கக் கூடாது. ரெக்கவரி சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்து அதே டிஸ்க்கில் போடுகிறவர்கள், மிச்சம் இருப்பதன் மேலேயே எழுதிவிடுகிறார்கள். மீட்ட ஃபைலையும் பழைய இடத்தில் நேரடியாக வைக்காமல், வேறு ஃபோல்டரில் திறந்து கடைசி என்ட்ரி என்ன தேதி என்று பார்த்துவிட்டு மாற்றுங்க.

‘எங்களுக்குத்தான் கிளவுட் இருக்கே’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்க் என்பது பேக்கப் இல்லை. நீங்கள் இங்கே அழித்தால் அது அங்கேயும் அழியும். கூகுள் டிரைவ் டிராஷில் 30 நாள் இருக்கும், அவ்வளவுதான். அதேபோல, சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேட்டாபேஸ் ஃபைலை காப்பி பேஸ்ட் செய்து வைப்பதையும் நம்ப முடியாது. பாதி எழுதிய நிலையில் காப்பியாகி, பிறகு திறக்காமலேயே போகலாம்.

எனக்கு இன்னும் பெரிய கவலை வேறு. திட்டு விழும் என்று பயந்து, டெலிட் செய்தவர் இரண்டு நாள் வாய் திறக்காமல் இருப்பது. பல ஆபீஸ்களில் ஏழு நாள் பேக்கப்தான் சுழற்சியில் இருக்கும். எட்டாவது நாள் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். அப்புறம் அந்த ஃபைல் எங்கேயும் இல்லை. ‘யார் பண்ணினது?’ என்று முதலில் கத்தும் மேனேஜர், அந்த ஏழு நாளைத்தான் தின்கிறார். கிட்லேப் அந்த இன்ஜினியரின் பெயரைத் தன் அறிக்கையில் போடவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது.

பேக்கப்பை ஏன் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்று அந்த நிறுவனம் தன்னையே கேட்டுக்கொண்டு எழுதிய பதில் எளிமையானது: அது யார் பொறுப்பு என்று வரையறுக்கவே இல்லை. உங்கள் ஆபீஸில் அது யார்? பதில் தெரியவில்லையென்றால் ஒரு வேலை செய்யுங்க. போன வாரம் செவ்வாய்க்கிழமை இருந்தபடி ஏதாவது ஒரு ஃபைலை எடுத்துத் தரச் சொல்லி ஐடி டீமிடம் கேளுங்க. எத்தனை மணி நேரத்தில் வருகிறது, வந்தது திறக்கிறதா என்று பாருங்க. அவர்கள் முதல்முறை கொஞ்சம் முறைப்பார்கள். பரவாயில்லை, அடுத்த மாதமும் கேளுங்க.