ரசிகமணி வாழ்ந்த மண்ணில் ஃபேன்ஃபிக் தீட்டா?

எழுத ஆசைப்படும் இருபது வயதுப் பிள்ளைகளிடம் நம் இலக்கியப் பெரியவர்கள் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. "ஃபேன்ஃபிக் எல்லாம் படிக்காதீங்க தம்பி, கை கெட்டுப்போகும். மாஸ்டர்களை மட்டும் படிங்க." புளியங்குடியில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டு, காலை மீட்டிங்குக்கு முன்னால் தினமும் ஒரு பக்கம் எழுதுகிற ஆள் நான். அந்த ஒரு பக்கத்தை முன்னிட்டுச் சொல்கிறேன்: இந்த அறிவுரை தப்பு. தினசரி எழுத்துப் பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய எமன் கிடையாது.

மாஸ்டர்களை மட்டும் படிக்கிறவனுக்கு என்ன நடக்கிறது? முடிந்த, திருத்திய, காலம் சலித்துக் கொடுத்த பக்கத்தை மட்டுமே அவன் பார்க்கிறான். அடித்துத் திருத்திய வரி எதுவும் அவன் கண்ணில் படுவதில்லை. ராத்திரி ஒரு மகத்தான சிறுகதை. காலையில் தன்னுடைய சப்பையான முதல் வரி. பத்து நாள் இப்படிப் போனால் பதினோராம் நாள் நோட்டையே திறக்க மாட்டான். "நமக்கெல்லாம் வராதுப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவான். அப்படி நின்றுபோன நாலைந்து பேரை எனக்கே தெரியும். என்னைவிடக் கூர்மையான கண் உள்ளவர்கள். அவர்களை ஃபேன்ஃபிக் கெடுக்கவில்லை. இந்தப் பயம்தான் கெடுத்தது.

ஃபேன்ஃபிக்கில் அடுப்படியே தெரியும். முதல் அத்தியாயத்தில் தடுமாறுகிற ஆள், இருபதாவது அத்தியாயத்தில் வசனத்தைச் சரியான இடத்தில் நிறுத்துகிறார். கை பழகுவதைக் கண்ணெதிரே பார்க்கிறோம். சுமையும் குறைவு. குந்தவையும் வந்தியத்தேவனும் ஏற்கெனவே இருக்கிறார்கள். அரண்மனையும் ஆறும் தயார். இன்றைக்கு எழுதுகிறவருக்கு ஒரே கேள்விதான்: இந்த இடத்தில் குந்தவை என்ன சொல்வாள்? ஒரு காலைப்பொழுதுக்கு அந்த ஒரு கேள்வி போதும். என் தொழிலிலும் இதுதான் நடைமுறை. புதிதாகச் சேர்ந்த பையனிடம் முதல் நாளே காலி ஃபோல்டரைக் கொடுத்து "புது சாஃப்ட்வேர் எழுது" என்று யாரும் சொல்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கோடில் ஒரு சின்ன பக்கைச் சரிசெய்யக் கொடுப்போம். கை அப்படித்தான் திறக்கும்.

"இதெல்லாம் இறக்குமதிச் சரக்கு, நம்ம மரபுல கிடையாது" என்பார்கள். அப்படியா? எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் குற்றாலம் ரொம்பத் தூரமில்லை. அங்கே வாழ்ந்த டி.கே. சிதம்பரநாத முதலியாருக்குத் தமிழ்நாடு கொடுத்த பட்டம் என்ன? ரசிகமணி. அந்த ரசிகர் கம்பனை வெறுமனே கும்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. பல பாடல்களை "இது கம்பன் பாட்டே இல்லை" என்று ஒதுக்கினார், சொற்களையும் திருத்தினார், தன் தேர்வில் ஒரு கம்பராமாயணத்தையே பதிப்பித்தார். புலவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர் திருத்தியது சரியா என்பது வேறு விவாதம். ஆனால் ரசிகன் என்றால் கை வைக்கிறவன் என்பதற்கு அவரைவிட என்ன சாட்சி வேண்டும்?

"எல்லாம் ஒரே அச்சு, ரெடிமேட் சூழ்நிலைகள்" என்பது அடுத்த புகார். சரி, குறவஞ்சி மட்டும் என்னவாம்? தலைவன் உலா வருவான், தலைவி மயங்குவாள், நிலாவைத் திட்டுவாள், குறத்தி வருவாள், மலைவளம் பாடிக் குறி சொல்வாள், சிங்கன் சிங்கியைத் தேடுவான். இன்றைய பிள்ளைகள் 'ட்ரோப்' என்று சொல்வது இதைத்தான். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் அந்த எலும்புக்கூட்டில்தான் குற்றாலத்தின் அருவியையும் குரங்கையும் ஏற்றினார். எலும்பு பொது, சதை அவருடையது.

"சொந்தக் குரல் போய்விடுமே?" இதற்குப் பதில் திருநெல்வேலிக்காரர் புதுமைப்பித்தனிடம் இருக்கிறது. அகலிகையை அவர் ஒருமுறை எழுதித் திருப்தியடையவில்லை. முதலில் 'அகல்யை', பல வருடம் கழித்து 1943-இல் 'சாபவிமோசனம்'. சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். கதாபாத்திரம் இரவல், கேள்வி அவருடையது. ராமாயணத்தை வாசித்த மனதுக்குள் உறுத்திய ஒரு இடத்திலிருந்துதான் அந்தக் கதை பிறந்தது. நல்ல ஃபேன்ஃபிக் எழுதுகிற பிள்ளையும் அந்த உறுத்தலிலிருந்துதான் தொடங்குகிறாள். அவளும் புதுமைப்பித்தனும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. கையை அசைக்கிற விசை ஒன்று என்கிறேன்.

கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1954-இல் முடித்தபோது, அப்புறம் யார் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் விடாமல் கேட்டார்கள். முடிவுரையில் அவரே பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கேள்வியையே கையில் எடுத்துக்கொண்டு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அதை நாம் சரித்திர நாவல் என்று மரியாதையாக அழைக்கிறோம். அதே வேலையை ஒரு கல்லூரி மாணவி மொபைலில் செய்தால் மட்டும் முகம் சுளிப்போம். வெளிநாட்டு முத்திரை இருந்தால்தான் நம்புவீர்கள் என்றால், ரசிகர் கதைகளின் பெரிய களஞ்சியமான 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' 2019-இல் ஹியூகோ விருது வாங்கியது. போதுமா?

பெரும்பாலானவை குப்பைதானே என்றால், ஆமாம். எங்கள் ஊர் எலுமிச்சை மண்டிக்குக் காய் மூட்டை மூட்டையாக வருகிறது. தரம் பிரிப்பது வந்து இறங்கிய பிறகுதான். இறங்காத காயை யாரும் தரம் பிரிக்க முடியாது. எழுதாத பக்கமும் அப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை உண்டு, அதை மறைக்க மாட்டேன். அடுத்த அத்தியாயம், அடுத்த அத்தியாயம் என்று ராத்திரி ரெண்டு மணி வரை விரலைத் தள்ளிக்கொண்டே போனால் காலைப் பக்கம் காலி. இது ஐந்து பாகப் பொன்னியின் செல்வனுக்கும் பொருந்தும். அதனால் நான் அத்தியாயத்தின் பாதியில், ஒருத்தி வாயைத் திறக்கப்போகும் இடத்தில் மூடிவிடுவேன். அவள் என்ன சொன்னாள் என்பது மறுநாள் காலை என் வேலை. எழுதிய பிறகுதான் அந்த ஆள் எழுதியதைப் படிப்பேன். பல நாள் அவர் ஜெயிப்பார். சில நாள் நான். ரெண்டிலும் பக்கம் நிரம்பியிருக்கும். மகத்தான ஒரு பக்கத்தோடு இப்படி மல்லுக்கட்ட எனக்குத் தைரியம் வராது. என்னைப் போலவே தட்டுத்தடுமாறுகிற ஒருவரோடு வரும்.

ஆகவே பெரியவர்களே, என்ன படிக்கக் கூடாது என்ற பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். சின்ன ஊரில் தனியாக உட்கார்ந்து எழுதிப் பார்க்கும் பிள்ளைக்கு உங்கள் வாயிலிருந்து வேண்டியது ஒரே கேள்விதான்: "இன்னைக்கு என்னம்மா எழுதுனே?"