கோழி கூடணைய மறுப்பது ஏன்?

அந்தி சாயும் வேளையிற் கோழிகளைக் கூட்டில் அடைப்பது நம் வீடுகளிற் பெரும்பாலும் சிறுவர்க்குரிய வேலை. அது வருத்தமான வேலையன்று. ஒரு பிடி குறுணலை இறைத்தால், மேய்ந்து களைத்த கோழிகள் தாமாகவே கூட்டை நாடி வந்துவிடும். அங்ஙனம் நாள்தோறும் வந்த கோழி ஒருநாள் கூட்டு வாசலில் நின்று திரும்பி, வேலியோரத்து முருங்கையில் ஏறி உறங்க முற்படுமாயின், அதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணத்தை அறிய நமக்குச் சில வாரங்கள் பிடித்தன. அதற்கிடையில் நாம் இழந்தவையும் உண்டு. அவற்றை ஒளியாது கூறினால் நேயர்கள் அவ்விழப்பினின்றும் தப்பலாம் என்னும் கருத்தினாலேயே இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

2022 ஆம் ஆண்டிலே நம் நாட்டிற் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, கோழித்தீனுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு முட்டையின் விலை ஏறியது யாவரும் அறிந்ததே. அடுத்த ஆண்டு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யவேண்டிய நிலையும் வந்தது. அக்காலத்தில் வளவிலே நாலைந்து கோழி வளர்க்கத் தொடங்கிய குடும்பங்கள் பல. அவற்றுள் நமது குடும்பமும் ஒன்று. ஆறு பேடுகளும் ஒரு சேவலும் வாங்கினோம். பலகையாற் கூடு அடித்து, கோழிகள் இருந்து உறங்கப் பூவரசங்கொம்பொன்றைப் பட்டை உரியாமலே குறுக்காக வைத்தோம். அப்பட்டையின் கீழே ஒரு பெருங்குடி அமையப்போகின்றது என்பதை அன்று நாம் அறியோம்.

ஓராண்டு சென்றபின் முட்டைகள் குறைந்தன. சிவந்திருந்த கொண்டைகள் வெளிறின. அடைவைத்த பேடு பத்தாம் நாளிலே முட்டைகளைக் கைவிட்டு எழுந்துவிட்டது. நாவூறு என்றார் நம் அன்னையார். பாம்பு என்றோம் நாம். முட்டை எடுக்கும் நம் இளைய மகளின் மணிக்கட்டிலே செந்நிறத் தடிப்புகள் தோன்றித் தினவெடுத்தன. சிரங்கென்று எண்ணி அதற்கு வேறு மருந்து பூசினோம். இவையனைத்தும் ஒரே நோயின் குறிகள் என்று நமக்குத் தோன்றவில்லை. எட்டுக்காற் சிற்றுயிர்களின் வகைகளைக் கரும்பலகையிலே வரைந்து மாணாக்கருக்கு விளக்கும் தொழிலையுடைய நாம், நம் சொந்தக் கூட்டைக் குனிந்து பார்த்தோமில்லை.

ஒருநாட் கூட்டின் மூலையிலே பூச்சிகள் சில ஊர்வதைக் கண்டதும், மிளகாய்த் தோட்டத்துக்கென வைத்திருந்த பூச்சிகொல்லியை எடுத்துக் கூடு முழுவதும் தெளித்து, அன்று மாலையே கோழிகளை உள்ளே விட்டு அடைத்தோம். மறுநாட் காலை இரண்டு பேடுகள் இறந்து கிடந்தன. அவற்றுள் ஒன்று மகள் தன் கையால் தீன் ஊட்டி வளர்த்தது. எஞ்சிய கோழிகளின் முட்டைகளை உண்ணவும் அஞ்சி, பல நாள் அவற்றைக் குழி தோண்டிப் புதைத்தோம். பூச்சிகளோ ஒரு கிழமைக்குள் முன்போலப் பெருகிவிட்டன.

அயல்வீட்டு மூதாட்டியாரிடம் இதைக் கூறியபோது, "தம்பி, பகலிலை கூட்டைப் பார்த்து என்ன செய்யிறது? ராத்திரியிலை விளக்கோடை வந்து பாருங்கோ" என்றார். அன்றிரவு பார்த்தோம். பகலிலே வெறுமையாய்க் கிடந்த கொம்பின்மீது செம்புள்ளிகள் ஆயிரக்கணக்கில் ஊர்ந்து கோழிகளின் கால்வழியாக ஏறிக்கொண்டிருந்தன.

நிற்க. இவ்வுயிர் யாது? நம்மவர் செள் என்றும் கோழிப்பேன் என்றும் பொதுவாகச் சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்த சிற்றுண்ணி இது. சுவீடன் தேசத்து அறிஞர் தெ கீர் என்பார் 1778 ஆம் ஆண்டில் இதனை விவரித்துப் பெயரிட்டார். வளர்ந்த சிற்றுண்ணி ஒரு மில்லிமீற்றர் நீளமும் தேறாது. பசித்திருக்கும்போது சாம்பல் நிறம். இரத்தம் குடித்தபின் செந்நிறம். பகலெல்லாம் பலகை வெடிப்பிலும், கொம்பின் பட்டையிலும், வைக்கோலின் அடியிலும் ஒளிந்திருந்து, இரவிலே புறப்பட்டு, ஒரு மணிநேரத்துக்குள் வயிறு நிரப்பிக்கொண்டு மீளும். முட்டையிடுவதும் அவ்வொளிவிடங்களிலேயே. நம் நாட்டைப் போன்ற வெப்பமான இடத்தில், முட்டையிலிருந்து வளர்ந்த உண்ணியாக ஒரு கிழமையளவே போதும். கோழியின்றிப் பல மாதம் பட்டினி கிடந்தும் உயிர் தாங்க வல்லது. ஆதலின் கூட்டைச் சிலநாள் வெறுமையாக விட்டால் ஒழிந்துவிடும் என்பது வீண் எண்ணம். மனிதரையும் இது கடிக்கும். ஆயின் நம் உடலிலே குடியிருந்து பெருகமாட்டாது.

பகை கோழியின் உடலில் அன்று, கூட்டிலேயே குடியிருக்கின்றது என்பது தெளிந்ததும் பரிகாரமும் தெளிவாயிற்று. நாம் செய்த முறை வருமாறு:

வெயில் நன்றாக எறிக்கும் ஒருநாட் காலையிற் கோழிகளை வெளியே விட்டு, கூட்டிலுள்ள வைக்கோல், சாக்கு, குப்பை யாவற்றையும் வாரி உடனே எரித்தோம். உறங்குகொம்பைக் கழற்றினோம். அதன் பட்டையை உரித்தபோது கண்ட காட்சியை விவரியாது விடுவதே நன்று. அக்கொம்பையும் நெருப்பிலிட்டோம். பின்பு பலகைகளைச் சுரண்டி, சவர்க்காரத் தண்ணீர் விட்டுத் தும்புக்கட்டையால் தேய்த்து, வெடிப்புகளிலும் மூட்டுகளிலும் கொதிநீரை ஊற்றினோம். அந்தி வரை கூடு வெயிலிற் காய்ந்தது. காய்ந்தபின் வெடிப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, உட்புறம் முழுவதும் வெள்ளை அடித்தோம். சுண்ணாம்பு உலரும்வரை கோழிகளை வேறிடத்தில் அடைத்தல் வேண்டும்.

இதனோடு வேலை முடிந்துவிட்டது என்று இருப்பவர் ஏமாறுவர். தப்பிய முட்டைகள் சில நாளிற் பொரித்துவிடும். ஆகவே ஐந்து நாளைக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று முறையாவது, கொதிநீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவுதல் அவசியம். இரண்டாம் முறையைச் சோம்பலினாற் கைவிடுபவர் முதன்முறை உழைப்பையும் இழப்பர்.

புதிய உறங்குகொம்பு பட்டையின்றி வழுவழுப்பாக இழைத்ததாயிருத்தல் வேண்டும். அது சுவரைத் தொடாமல், இலகுவிற் கழற்றக்கூடியதாக இரு கால்களின்மேல் நிற்பது நன்று. அக்கால்களை எண்ணெய் ஊற்றிய சிறு தகரப்பேணிகளுள் நிறுத்தினால், தரையிலும் சுவரிலும் ஒளிந்திருப்பவை கோழியை அடைதல் அரிதாகும். கொம்பின் அடியிலே நெளிவுக் கடதாசி மட்டையொன்றைக் கட்டிவைத்தால், விடியும் வேளையில் உண்ணிகள் அதன் குழல்களுள் புகுந்து ஒளியும். இரண்டு மூன்று நாட்களின்பின் அதனைக் கழற்றி எரித்துவிடலாம்.

கோழியின் உடலிலே ஓயாது தங்கியிருக்கும் வேறொரு சிற்றுண்ணியும் உண்டு. எச்சவாயைச் சுற்றியுள்ள இறகுகள் அழுக்கேறிக் கறுத்திருப்பது அதன் அடையாளம். இதற்குக் கோழி தானே அறிந்த வைத்தியம் புழுதிக் குளிப்பு. மழை படாத இடத்தில், இரண்டடி அகலமும் ஓரடி ஆழமுமான குழியிலே உலர்ந்த மணலும், அரித்தெடுத்த ஆறிய அடுப்புச் சாம்பலும் கலந்து நிரப்பி வைத்தல் நன்று. மென்தூள் உண்ணியின் மேற்றோலை உலர்த்தி அதனை மெலிவிக்கும். நனைந்த சாம்பல் தோலை அரிக்கும் ஆதலின், குழி ஈரமாகாது காத்தல் வேண்டும். கால்களிற் செதில் தடித்து மேலெழுந்து, கோழி நொண்டுமாயின் அது மூன்றாம் வகை. இளஞ்சூடான சவர்க்காரத் தண்ணீரிற் கால்களை ஊறவைத்து மெதுவாகத் துடைத்து, தேங்காயெண்ணெயோ வாசலீனோ சில வாரம் பூசிவரின் குணங்காணும். செதிலைப் பிய்த்தெடுத்தலும், மண்ணெண்ணெய் பூசுதலும் கோழிக்குக் கொடுமையாகும்.

நோய் முற்றியவிடத்து மருந்து வேண்டியதே. ஆயின் அது கால்நடை வைத்தியரின் சொற்படி அமைதல் வேண்டும். எத்தனை நாள் முட்டையை உண்ணலாகாது என்பதையும் அவரிடமே கேட்டறிக. இதிலே தவறியவர் நாம் மட்டுமல்லர். 2017 ஆம் ஆண்டில் ஒல்லாந்து, பெல்ஜியம் ஆகிய தேசங்களிற் கோழிப்பண்ணைகளில் இதே சிற்றுண்ணியை ஒழிக்கும் பொருட்டு, அதற்கு அனுமதியற்ற பிப்ரோனில் என்னும் பூச்சிகொல்லி பயன்படுத்தப்பட்டது. நஞ்சு முட்டையிற் கலந்தமை வெளிப்பட்டதும் ஐரோப்பியக் கடைகளிலிருந்து கோடிக்கணக்கான முட்டைகள் அகற்றப்பட்டன. பெரும்பண்ணைகளுக்கே அக்கதியாயின், மிளகாய்த் தோட்டத்து மருந்தை அளவும் அறியாது கூட்டில் அடித்த நமது செயலை என்னென்பது?

புதிதாக வாங்கும் கோழியை இரண்டு மூன்று வாரம் தனியே அடைத்து வைத்துப் பார்த்தபின்னரே மற்றவற்றோடு சேர்க்க. கூட்டின் கூரையிற் குருவியோ புறாவோ கூடு கட்ட விடாதிருங்கள். சிற்றுண்ணி அவற்றோடும் வரும். மாதம் ஒருமுறை, இருட்டியபின், உறங்குகொம்பின் அடிப்புறத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியிலே இரத்தக் கறை படிந்தால் மறுநாளே கொதிநீர் வையுங்கள். மாணவ நேயர்களே, இவ்வேலையை நீங்கள் பொறுப்பேற்றால், பாடப்புத்தகத்திற் படித்த எட்டுக்காற் பிராணியை உயிரோடு காணும் வாய்ப்பும் கிட்டும், வீட்டார்க்கும் உதவியாகும்.

நமது வீட்டிலே கூட்டைக் கழுவிய இரண்டாம் மாதம் அதே பேட்டை மீண்டும் பதினொரு முட்டைகளோடு அடைவைத்தோம். தீன் உண்ணவன்றி அது எழவில்லை. இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. மகள் அவற்றுள் ஒன்றைக் கையிலெடுத்து, இறந்த பேட்டின் பெயரையே அதற்கு இட்டாள். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை குறுணல் இறைக்கும் முன்னரே, முருங்கையிற் கிடந்த சேவலும் இறங்கி வந்து கூட்டினுள் நுழைந்தது.