மாத்திரையை நிறுத்துவது யார்?

எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டு மசோதா 2017 ஏப்ரல் 11-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே ஒப்புதல் அளித்துவிட்டது. 2014 பிப்ரவரியில் அறிமுகமாகி, ஆட்சி மாறிய பின்னும் கிடப்பில் கிடந்த மசோதா அது. கட்சி வேறுபாடின்றி வரவேற்பு கிடைத்த அந்த மசோதாவின் 14-ஆவது பிரிவில் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. நோயைக் கண்டறியும் வசதியையும் கூட்டு மருந்து சிகிச்சையையும் அரசு "இயன்றவரை" வழங்கும் என்பதே அது. அந்தச் சொல்லை நீக்க வேண்டும் என்று அவைக்குள்ளும் வெளியிலும் குரல் எழுந்தது. நீக்கப்படவில்லை. சட்டம் 2018 செப்டம்பர் 10-ஆம் தேதி அப்படியே நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சொல்லின் பொருள் என்ன என்பதைத் தலைநகரம் 2022-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கண்டது. ஜன்பத் சாலையில் உள்ள தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் எச்ஐவியுடன் வாழும் சிலர் வந்து அமர்ந்தனர். ஒரு மாதத்துக்கும் மேலாக அங்கிருந்து நகரவில்லை. மாத மருந்து கேட்டுச் சென்றால் சில நாள்களுக்கான மாத்திரைகளே கிடைக்கின்றன, சில மருந்துகள் கிடைப்பதே இல்லை என்பது அவர்களது புகார். நாட்டளவில் போதிய இருப்பு உள்ளது என்பது அரசின் விளக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இதில் கவலைக்குரிய செய்தி. தில்லிக் கணக்கில் இருக்கும் மாத்திரை, வெளியூர் மருத்துவமனையின் ஜன்னலில் கை நீட்டுபவருக்கு உதவாது. அந்தச் செப்டம்பரில் இது தொடர்பான மனு மீது உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

எச்ஐவி மருந்தைப் பாதியில் நிறுத்துவோரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆட்சியாளர்களும் அதிகாரிகளும் முதலில் சொல்வது "நோயாளிகளின் அலட்சியம்". இந்த மனப்பான்மைக்கு நீண்ட வரலாறு உண்டு. காசநோய்த் திட்டத்தில் மருந்தைத் தொடராதவரை "டிஃபால்ட்டர்" என்றே பல காலம் எழுதி வந்தனர். வங்கிக் கடனைக் கட்டாதவருக்கான சொல் அது. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் அந்தச் சொல்லைக் கைவிட்டது. அரசு மருத்துவமனைகளின் பேச்சுவழக்கில் இருந்து அது முற்றிலும் போய்விட்டது என்று சொல்வதற்கில்லை.

இந்த மருந்தின் தன்மையைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். இது கிருமியைக் கொன்று ஒழிப்பதில்லை. பெருகவிடாமல் அடக்கி வைக்கிறது. உயிரணுக்களுக்குள் பதுங்கியிருக்கும் கிருமி, ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்தால் மீண்டும் பெருகத் தொடங்கும். அவ்வாறு பெருகும்போது மருந்துக்கு அடங்காத வகை உருவாகிவிடலாம். பிறகு இரண்டாம் நிலை மருந்துகளைத் தேட வேண்டும். அவை விலை கூடியவை. 2008-இல்தான் சென்னை தாம்பரத்திலும் மும்பையிலும் இலவசமாக வழங்கத் தொடங்கினார்கள். ஆகவே மாதத்தின் 30 வேளைகளில் ஒன்றுக்கு மேல் தவறக் கூடாது என்று நோயாளிகளுக்குச் சொல்லப்படுகிறது. இது ஒரு மாதத்துக்கு அல்ல, ஆயுள் முழுவதற்கும். ஒழுங்காகச் சாப்பிட்டு, பரிசோதனையில் கிருமி தென்படாத நிலையை எட்டியவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று பரவாது என்பதும் இன்று நிறுவப்பட்ட உண்மை. ஒருவர் விழுங்கும் மாத்திரை அவரது துணைவரையும் காக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் நிறுத்துகிறார்கள்? மறதி ஒரு காரணம்தான். அச்சம் அதைவிடப் பெரிய காரணம். மாத்திரைகள் வரும் பிளாஸ்டிக் புட்டியை அசைத்தால் சத்தம் வரும். அந்தச் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்காதிருக்கப் பஞ்சை அடைத்து வைப்பவர்கள் உண்டு. புட்டியின் மேல் உள்ள சீட்டைக் கிழித்துவிட்டு, வைட்டமின் மாத்திரை டப்பாவுக்குள் மாற்றி வைப்பவர்கள் உண்டு. திருமணத்துக்கோ துக்கத்துக்கோ உறவினர் வீட்டுக்குச் சென்று நான்கு நாள் தங்கினால் அந்த நான்கு நாளும் மருந்து இல்லை. கூட்டுக் குடும்பத்தில் கணவனை இழந்து மாமியார் வீட்டில் வாழும் பெண்ணின் நிலை இன்னும் கடினம். மகனின் மரணத்துக்கு மருமகளையே குற்றம் சொல்லும் வீட்டில், அவள் தினமும் இரவில் எதை விழுங்குகிறாள் என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வாள்?

மனச்சோர்வைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. நோய் உறுதியானதும் வரும் குற்ற உணர்வு, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம், அதை மறக்க நாடும் மது ஆகியவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருபவை. போதாக்குறைக்கு, முன்பு பரவலாகத் தரப்பட்ட எஃபாவிரென்ஸ் என்ற மருந்தே தலைசுற்றலையும் கெட்ட கனவுகளையும் சிலருக்கு மன உளைச்சலையும் கொடுத்தது. மனம் தளர்ந்தவர்களுக்கு மனத்தை அலைக்கழிக்கும் மருந்து! அதன் இடத்தில் டோலுடெக்ராவிர் அடங்கிய ஒற்றை மாத்திரை வந்தது பெரிய ஆறுதல். பக்க விளைவுகள் குறைவு. ஓரிரு வேளை தவறினாலும் கிருமி எளிதில் எதிர்ப்புத் திறன் பெற்றுவிடாது. உடலுக்கான மருந்து இவ்வாறு மேம்பட்டிருக்கிறது. மனத்துக்கான ஏற்பாடு அதே வேகத்தில் மேம்படவில்லை. கூட்டு மருந்து மையங்களில் அந்தப் பொறுப்பைச் சுமக்கும் ஆலோசகர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும் காலை வேளையில், ஒருவரிடம் எத்தனை நிமிடம் மனம்விட்டுப் பேச முடியும்?

தில்லிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பிகாரில் இருந்தும் உத்தரப் பிரதேசத்தில் இருந்தும் பிழைக்க வந்தவர்களின் நகரம் இது. எய்ம்ஸ், ராம் மனோகர் லோகியா போன்ற மருத்துவமனைகளில் மையங்கள் உள்ளன. ஆனால் சொந்த மாவட்டத்தில் பதிவு செய்தவர் இங்கு மருந்து வாங்க வேண்டுமானால் மாற்றல் தாள்கள் வேண்டும். கூலிக்காரருக்கு மையம் திறந்திருக்கும் நேரமே வேலை நேரமும். மருந்து வாங்கும் நாள் சம்பளமில்லாத நாள். சொந்த ஊரிலேயே இருப்பவர்களிலும் பலர், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அடுத்த மாவட்டத்து மையத்தில் பதிவு செய்துகொள்கிறார்கள். பிறகு பேருந்துக் கட்டணமே தடையாகிறது. களங்கத்துக்கு அஞ்சித் தேடிய தொலைவு, வறுமையால் கடக்க முடியாத தொலைவாகிவிடுகிறது.

இவற்றில் எதுவும் தீர்க்க முடியாதது அல்ல. 1986-இல் நாட்டின் முதல் எச்ஐவி தொற்றுகளைச் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் கண்டறிந்தபோது மருந்தே இல்லை. 2001-இல் சிப்லா நிறுவனம் ஓராண்டுக்கான கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்து உலகச் சந்தையையே மாற்றியது. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி எட்டு மையங்களுடன் இலவச சிகிச்சை தொடங்கியது; தாம்பரம் அவற்றில் ஒன்று. 2017-இல், எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் தொற்று உறுதியான உடனே சிகிச்சை என்ற கொள்கை வந்தது. 2021 முதல் 2026 மார்ச் வரையிலான ஐந்தாம் கட்டத் திட்டத்துக்கு மத்திய அரசு ரூ. 15,471 கோடிக்கு மேல் ஒதுக்கியது. 2025-இல் அமெரிக்கா நிதியுதவியை நிறுத்தியபோது ஆப்பிரிக்க நாடுகளின் மையங்கள் தடுமாறியதைப் பார்க்கும்போது, சொந்தப் பணத்தில் இவ்வளவு செய்த நாடு என்று பெருமை கொள்ள நியாயம் உண்டு. கரோனா ஊரடங்கின்போது இரண்டு, மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுத்தும் பார்த்தாயிற்று. நிலைபெற்ற நோயாளிகள் அனைவருக்கும் அதை எல்லா மையங்களும் உறுதியாகக் கடைப்பிடித்தால், பேருந்துச் செலவும் இழந்த கூலியும் பாதிக்கு மேல் குறையும். அதற்குக் கிடங்கில் இருப்பு வேண்டும். கொள்முதல் ஒப்பந்தம் தாமதமானால் மூன்று மாத மருந்து மீண்டும் மூன்று நாள் மருந்தாகிவிடும்.

இங்கேதான் 14-ஆவது பிரிவு திரும்ப வருகிறது. பாகுபாடு காட்டுவதைத் தடை செய்து, ஒருவரது நோய் நிலையை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று கட்டளையிடும் அதே சட்டம், மருந்து விஷயத்தில் மட்டும் அரசுக்கு ஒரு பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. மாநிலந்தோறும் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பல மாநிலங்கள் அந்த நியமனத்துக்கே ஆண்டுகளை எடுத்துக்கொண்டன. நோயாளி ஒரு வேளை தவறினால் அட்டையில் குறிப்பு ஏறுகிறது. அரசு ஒரு வாரம் தவறினால் அதைப் பதிய எந்த அட்டையும் இல்லை.

எய்ட்ஸ் குறித்து நாடாளுமன்றத்தில் எழுப்பப்படும் கேள்விகள் பெரும்பாலும் எத்தனை நோயாளிகள், எத்தனை கோடி ரூபாய் என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. மாநிலவாரிப் பட்டியல் ஒன்று பதிலாக அவையில் வைக்கப்படும். கடந்த ஓராண்டில் ஒவ்வொரு மையத்திலும் முழு மாத மருந்து கொடுக்க முடியாமல் போன நாள்கள் எத்தனை, ஆலோசகர் பணியிடங்களில் காலியாக உள்ளவை எத்தனை, என்ற இரண்டு கேள்விகளை ஏதேனும் ஓர் உறுப்பினர் அடுத்த கூட்டத்தொடரில் கேட்கலாம். "இயன்றவரை" என்ற சொல்லை நீக்கக் கோரித் தனிநபர் மசோதா கொண்டுவர விரும்புவோருக்கு ஒரே வரித் திருத்தம் போதும். தமிழகத்தில் இருந்து மட்டும் 39 பேர் மக்களவையில் இருக்கிறார்கள்.