டர்போ அப்புறம், முதல்ல பிரேக் ஆயில்

உங்ககிட்ட ஒரு கேள்வி. கையில் ஒரு லட்சம் ரூபாய் இருக்கு. வாசலில் முப்பது வருஷப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் நிற்குது. முதல் செலவு எதுக்கு?

எங்க ஹாஸ்டல் ரூமில் இதைக் கேட்டேன். டர்போ, அலாய் வீல், சைலன்சர், ஸ்பாய்லர் என்று பதில்கள் வந்து விழுந்தன. ஒருத்தன் மட்டும் "நல்ல சவுண்ட் சிஸ்டம் மச்சி" என்றான். பிரேக் ஆயில் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. போன வருஷம் கேட்டிருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். நான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் என்பதையும் இங்கேயே ஒத்துக்கொள்கிறேன்.

என் பெரியப்பா மகன் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் வேலை பார்க்கிறார். கம்ப்யூட்டர்தான் தொழில், ஆனால் சின்ன வயதிலிருந்தே கார் பைத்தியம். போன வருஷம் ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினார். முதல் தலைமுறை வண்டி, 1.6 லிட்டர் என்ஜின், மேலே துணிக் கூரை, உள்ளே இரண்டே சீட், பட்டனைத் தட்டினால் கண்ணைத் திறக்கிற ஹெட்லைட். 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான மாடல் இது. பவர் ஏறக்குறைய 115 குதிரைத்திறன்தான். ஆனால் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, என்ஜின் முன்னால், இழுப்பது பின்சக்கரம். அந்தச் சின்ன எடைதான் அதன் மொத்த ரகசியம். 2016இல் இந்தப் பெயரில் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. பழசை வாங்கி வீட்டிலேயே பிரித்து மாட்டுகிறவர்களுக்கு உலகம் முழுக்கப் பிடித்த கார்களில் இது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் வீடியோ கால் வரும். அண்ணன் போனை பானெட் மேல் சாய்த்து வைத்துவிட்டு "டேய், நீ மெக்கானிக்கல் தானே, சொல்லு" என்பார். நானும் சொன்னேன். என்ன சொன்னேன் தெரியுமா? டர்போ கிட் லிங்க்காக அனுப்பினேன். அவர் "பிரேக் எல்லாம் ஒரு தடவை பார்த்துடலாமா" என்று கேட்டபோது, "அதான் டெஸ்ட் பாஸ் ஆகியிருக்குல்ல, அந்தக் காசை டர்போவுக்கு வைங்கண்ணா" என்றேன். விற்றவரும் எல்லாம் சர்வீஸ் செய்த வண்டி என்றுதான் சொல்லியிருந்தார்.

அடுத்த வாரம் அண்ணன் ஸ்னேக் பாஸ் போனார். ஷெஃபீல்டையும் மான்செஸ்டரையும் இணைக்கிற மலைச்சாலை அது. நம்ம ஏற்காடு மாதிரி கொண்டை ஊசிகள் கிடையாது, ஆனால் வளைவுக்குப் பஞ்சமில்லை. இறக்கத்தில் ஐந்தாறு வளைவுக்குத் தொடர்ந்து பிரேக் பிடித்திருக்கிறார். அதற்கடுத்த வளைவில் பெடலை மிதித்தால் அது பஞ்சு மாதிரி தரை வரை போய்விட்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் அதுவும் அரைகுறை. மூன்றாவது, இரண்டாவது என்று கியரைக் குறைத்து, என்ஜினை வைத்தே வேகத்தை அடக்கி, ஓரமாக இருந்த ஒரு சின்ன மண் திட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். எதிரில் லாரி வரவில்லை. அவ்ளோதான் விஷயம். வந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அன்று ராத்திரி போனில் என்னைத் திட்டவில்லை. "ஏன்டா இப்படி ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். ஹீட் டிரான்ஸ்ஃபரில் நல்ல மார்க் வாங்கிய எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் உட்கார்ந்து படித்தேன்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தர அளவே 155 டிகிரிக்கு இறங்கிவிடும். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் கேலிப்பர் பக்கத்தில் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். ஆயில் கொதித்தால் ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். உங்கள் காலின் பலம் முழுக்க அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே போய்விடும், பேடுக்குப் போய்ச் சேராது. வேகம் 100லிருந்து 120 ஆனால் கூடுவது 20 சதவீதம். ஆனால் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முதல் செமஸ்டர் ஃபார்முலாதான். இப்போது டர்போ போட்ட அதே காரை அதே பழைய பிரேக்கோடு அதே மலையில் நினைத்துப் பாருங்கள். நான் நினைத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

டெஸ்ட் பாஸ் ஆன கதைக்கும் வருகிறேன். அங்கே மூன்று வயதைத் தாண்டிய கார்களுக்கு எம்ஓடி என்று ஆண்டுக்கு ஒரு சோதனை உண்டு. ஆனால் பிரேக் ஆயிலில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அதில் அளப்பதில்லை. அண்ணன் கார் பாஸ் ஆகி எட்டு மாதம் ஆகியிருந்தது. சோதனை நடந்த நாளில் வண்டி எப்படி இருந்தது என்று மட்டும்தான் அந்தப் பேப்பர் சொல்லும். நாளைக்கு நீங்கள் இறங்கப்போகிற மலையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

அடுத்த நான்கு ஞாயிறும் டர்போ பேச்சே இல்லை. பிரேக் ஆயிலை வடித்தால் டிகாஷன் நிறத்தில் வந்தது. பின்சக்கரக் கேலிப்பர் ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. இந்தக் காருக்கு இது வழக்கமான நோய், ஹேண்ட்பிரேக் வேலை செய்வதும் அந்தக் கேலிப்பரில்தான். கூரைத் துணியின் தண்ணீர் இறங்கும் ஓட்டைகள் இலைக்குப்பையால் அடைத்துக் கிடந்தன. அப்படியே விட்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே தேங்கி பாடியை உள்ளிருந்தே தின்னும். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் கறுப்பிலிருந்து பழுப்பாகியிருந்தது, அதற்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லை. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், மாற்றினோம். என்ஜினுக்குப் பின்னால் ஆயில் கசிவு. பெரிய செலவு என்று பயந்தோம். கடைசியில் பார்த்தால் ஒரு சென்சார் அடியில் காய்ந்துபோன ரப்பர் வளையம், நம்ம ஊர்க் காசில் நூறு ரூபாய்கூட வராது.

கடைசியாக நான்கு புது டயர், சஸ்பென்ஷன் புஷ், வீல் அலைன்மென்ட். ஒரு குதிரைத்திறன்கூடக் கூடவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "டேய், இது வேற கார்டா."

இதுதான் நான் சொல்ல வந்தது. ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் செய்யக்கூடிய முதல் அப்கிரேடு, அது ஷோரூமிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்குவதுதான். அதைச் செய்யாமல் மேலே ஏற்றுகிற எதுவும் விரிசல் விட்ட சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி. மாஸ்டாவே 2017இல், முதல் தலைமுறை வண்டிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் சேவையை ஜப்பானில் அறிவித்தது. அந்த வண்டிகளுக்கான சில பாகங்களை மறுபடி தயாரித்தும் கொடுக்கிறது.

"அப்போ அப்கிரேடே தப்பா? பிரித்துப் பார்த்து மாற்றினால்தானே கத்துக்க முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்கிரேடில் இரண்டு ரகம் இருக்கிறது என்பது என் கருத்து.

முதல் ரகம், ஒரு நிஜமான பிரச்சினைக்குப் பதில். இந்த என்ஜின் குடும்பம் முதலில் முன்சக்கர இழுவை கார்களுக்காக, குறுக்காக வைக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அங்கே கூலன்ட் ஒரு முனையில் நுழைந்து எதிர் முனையில் வெளியேறும். எம்எக்ஸ்-5இல் அதை நீளவாக்கில் திருப்பி வைத்தபோது, வெளியேறும் வழியையும் முன்பக்கத்துக்கே கொண்டுவந்தார்கள். அதனால் பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குக் கூலன்ட் ஓட்டம் குறைவு, அது மற்றவற்றைவிடச் சூடாக ஓடும். சாதா ஓட்டத்துக்குப் பரவாயில்லை. ரேஸ் டிராக்குக்குப் போகிறவர்கள், டர்போ போடுகிறவர்கள் கூலன்ட் பாதையை மறுபடி பின்பக்கம் மாற்றுகிறார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, சத்தமும் வராது. ஆனால் அதைச் செய்தவருக்குத் தன் என்ஜின் புரிந்திருக்கிறது.

இரண்டாவது ரகம், நான் லிங்க் அனுப்பிய ரகம். டர்போ போட்டால் பெட்ரோல் கூடுதலாகப் போகணும், பெரிய இன்ஜெக்டர் வேண்டும். அதைக் கட்டுப்படுத்த வேற கம்ப்யூட்டர் வேண்டும். பழைய கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். கிளட்சை மாற்றினால் அடுத்த பலி டிஃபரன்ஷியல். 1.6 லிட்டர் மாடலில் அது சின்னது, கூடுதல் பவருக்கு உடையும் என்று பேர் வாங்கியது. ஒரு நூலை இழுத்தால் மொத்த ஸ்வெட்டரும் கையோடு வரும். எல்லாவற்றையும் செய்யத் தயார் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பாதியில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் ஆரம்பிக்காதீர்கள்.

சரி, நம்மில் யாரிடம் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கு? பைக்தான் இருக்கு. கதை அதேதான். கல்லூரி பார்க்கிங்கில் ஒரு நடை நடந்து பாருங்கள். சைலன்சர் மாற்றிய வண்டி எத்தனை, வழுக்கை டயரோடு நிற்கும் வண்டி எத்தனை, இரண்டும் ஒரே வண்டியில் எத்தனை! சட்டமும் சும்மா இல்லை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. பழைய பிரேக் ஆயிலை மாற்றுவதற்கு மட்டும் யாரும் அபராதம் போடமாட்டார்கள்.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டுகிற மாணவர் அணிகளைக் கேளுங்கள். வேகத்தைக் காட்டும் சுற்றுகளுக்கு முன்னால் தொழில்நுட்பச் சோதனை. காரை 60 டிகிரி சாய்த்துப் பார்ப்பார்கள், எதுவும் ஒழுகக் கூடாது. அப்புறம் ஓடவிட்டு பிரேக் பிடிக்கச் சொல்வார்கள், நான்கு சக்கரமும் பூட்டணும். பூட்டவில்லையா, உங்கள் என்ஜின் எவ்வளவு பெரிய ராட்சசன் என்றாலும் டிராக்கில் இறங்க முடியாது. விதிப்புத்தகம் எழுதியவர்களுக்கு எது முதல் என்று தெரிந்திருக்கிறது.

அண்ணன் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தேதி, ஓடிய தூரம், என்ன மாற்றினோம், அடுத்தது எப்போது என்று பேனாவால் எழுதுகிறார். கூலன்ட் வேலை இந்தக் குளிர்காலத்துக்கு. டர்போ பக்கம் காலியாக இருக்கிறது. "அது வரும்போது வரட்டும்டா" என்கிறார். நானும் லிங்க் அனுப்புவதில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த ஞாயிறு உங்கள் வண்டியிடம் போங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. படித்துப் பாருங்கள். டிஸ்க் பிரேக் என்றால் ஹேண்டில்பாரில் இருக்கும் சின்ன டப்பாவின் கண்ணாடி வழியாக ஆயில் நிறத்தைப் பாருங்கள். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். பதில் வரவில்லையென்றால், சைலன்சருக்கு எடுத்துவைத்த காசு எங்கே போகவேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.