ஓடிக்கொண்டே சுடும் பிஸ்டல் போட்டி: வானகரத்திலிருந்து ஆரம்பிக்க முடியுமா?

ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். டைமர் ‘பீப்’ என்று ஒலிக்கும். ஒருவர் இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை உருவி, சுவருக்கு இந்தப் பக்கம் இரண்டு, ஜன்னல் வழியாக இரண்டு, ஓடியபடியே மேகசின் மாற்றி இன்னும் நான்கு என்று சுட்டுத் தள்ளுவார். இருபது விநாடியில் ஆட்டம் முடிந்துவிடும். ‘செமயா இருக்கே, இதை எங்கே கத்துக்கலாம்?’ என்று தோன்றுவது இயல்புதான்.

இதற்குப் பெயர் பிராக்டிகல் ஷூட்டிங். 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாகாணத்தில் உள்ள கொலம்பியா நகரில் இதற்கான சர்வதேசக் கூட்டமைப்பு (ஐபிஎஸ்சி) உருவானது. மதிப்பெண் முறை சுவாரஸ்யமானது. எடுத்த புள்ளிகளை, எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுப்பார்கள். ஒருவர் 12 விநாடியில் 60 புள்ளி எடுத்தால் கணக்கு 5. இன்னொருவர் 9 விநாடியில் 54 புள்ளி எடுத்தால் 6. குறைவான புள்ளி எடுத்த இரண்டாமவரே முந்துகிறார். அதற்காகக் கண்மண் தெரியாமல் ஓட முடியாது. துப்பாக்கியின் முனை பாதுகாப்புக் கோணத்தைத் தாண்டினாலோ, இடம் மாறும்போது விரல் ட்ரிக்கர் பக்கம் போனாலோ, அந்த நொடியே போட்டியிலிருந்து வெளியே.

சரி, வானகரத்தில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை என்று இருக்கும் ஒருவர் இதில் இறங்க முடியுமா? நேரடியாக இறங்குவது நடைமுறையில் நடக்காத காரியம். பணமோ திறமையோ அல்ல, தோட்டாதான் தடை.

தோட்டாவில் என்ன சிக்கல்?

ஐபிஎஸ்சி பிஸ்டல் போட்டிக்குக் குறைந்தபட்சம் 9 மி.மீ. தோட்டா வேண்டும். இந்தியாவில் 9 மி.மீ. பிஸ்டல் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. அதற்கான உரிமம் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. ‘எனக்கு விளையாட ஆசை’ என்று கேட்டால் கிடைத்துவிடாது. சாதாரண குடிமகன் லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 ரகம். கான்பூரில் உள்ள அரசுத் தொழிற்சாலை தயாரிக்கும் .32 ரிவால்வர் அதற்கு நல்ல உதாரணம். இந்த .32 ஐபிஎஸ்சி விதிக்குச் சிறியது. ஆக, சட்டம் கொடுப்பதை அந்த விளையாட்டு ஏற்காது; விளையாட்டு கேட்பதைச் சட்டம் கொடுக்காது.

‘ஆள் இருக்கு, பீஸ் வாங்கித் தர்றேன்’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் வந்தால் பிளாக் செய்துவிடுங்கள். 2019-ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தடைசெய்யப்பட்ட ஆயுதத்தைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு வரை சிறை. பாங்காக் டூர் போய், சுற்றுலாப் பயணிகளுக்கான ரேஞ்சில் சுட்டு ஆசையைத் தீர்த்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஞாபகார்த்தமாக ஒரே ஒரு தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் மட்டும் விமான நிலையத்தில் வழக்கோடு நிற்க வேண்டிவரும்.

திறந்திருக்கும் கதவு

பாரிஸ் ஒலிம்பிக் 2024-ல் ஒரு கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, சாதாரண கண்ணாடியோடு சுட்டு வெள்ளி வென்ற 51 வயது துருக்கியர் யூசுப் டிகெச்சை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் போட்டியில்தான் மனு பாக்கர் - சரப்ஜோத் சிங் ஜோடி வெண்கலம் வாங்கியது. அது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். கையைப் பாக்கெட்டில் விட்டது ஸ்டைலுக்காக இல்லை; ஒரே கையால் சுட வேண்டும் என்பது விதி, சும்மா இருக்கும் கை ஆடினால் உடம்பும் ஆடும்.

இங்கே சட்டம் உங்கள் பக்கம். 4.5 மி.மீ. விட்டம், 20 ஜூல் ஆற்றல் என்ற வரம்புக்குள் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு, ஆயுத விதிகள் 2016-ன்படி லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் அதில் பாதிகூட வராது.

சுலபம் என்று நினைக்க வேண்டாம். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. உங்கள் சட்டைப் பொத்தானைப் பத்து மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். இதில் பழகுவது பிராக்டிகல் ஷூட்டிங்குக்கும் அடித்தளம்தான்: முனையில் உள்ள குறிகாட்டியில் பார்வையை நிறுத்துவது, ட்ரிக்கரைப் பிடித்து இழுக்காமல் மெல்ல அழுத்துவது, சுடாத நேரத்தில் விரலை வெளியே வைப்பது. ஓட்டத்தைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். நடுங்கும் கையோடு ஓடிப் பயனில்லை.

எங்கே போவது? சென்னை ரைஃபிள் கிளப் எழும்பூரில், பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. 2021-ல் நடிகர் அஜித் அங்கே போகத்தான் டாக்ஸி பிடித்தார். டிரைவர் வேப்பேரி புதிய கமிஷனர் அலுவலகத்தில் இறக்கிவிட, அங்கே கூட்டம் கூடிவிட்டது. நீங்களும் ‘பழைய’ என்று அழுத்திச் சொல்லுங்கள். வானகரத்திலிருந்து கோயம்பேடு வந்து மெட்ரோ பிடித்தால் நேராக எழும்பூர். அதே ஆண்டு மாநிலச் சாம்பியன்ஷிப்பில் அஜித் ஆறு பதக்கம் வென்றபோது அவருக்கு வயது 49. ஐடி வேலையில் முப்பதைத் தொட்டுவிட்டோமே என்று தயங்குபவர்கள் இதைக் கவனிக்கலாம். கிளப்புக்கு அப்பால் தனியார் பயிற்சி மையங்களும் உண்டு. அவற்றில் சேரும்முன் ஒன்று கேளுங்கள்: மாநிலத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் போட்டிகளுக்கு இந்த மையம் வழியாகப் போக முடியுமா? பதில் மழுப்பலாக வந்தால், நீங்கள் கட்டும் ஃபீஸ் பொழுதுபோக்குக்கு மட்டும்தான்.

முதல் மாதமே பிஸ்டல் வாங்கும் ஆசையை அடக்குங்கள். ஸ்டெய்ர், மொரினி, வால்தர் போன்ற வெளிநாட்டு ஏர் பிஸ்டல்களின் விலை லட்ச ரூபாயைத் தாண்டும். பிடியும் உங்கள் கைக்கு ஏற்பச் செதுக்கப்பட வேண்டும். உங்கள் கை எப்படிப் பிடிக்கிறது என்பதே சில மாதம் கழித்துத்தான் தெரியும். அதுவரை மையத்தின் பிஸ்டல் போதும். சொந்தமாக வாங்கிய பிறகு, அதைப் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏற நினைக்காதீர்கள். லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அது பொம்மை ஆகிவிடாது.

ஏர் பிஸ்டலில் கை நின்ற பிறகு .22 ஸ்போர்ட்ஸ் பிஸ்டலுக்குப் போகலாம். அதற்கு லைசென்ஸ் கட்டாயம், சொந்தப் பெயரில் வாங்க வயது 21 ஆகியிருக்க வேண்டும். மாநகரப் பகுதிகளில் லைசென்ஸ் வழங்குவது போலீஸ் கமிஷனர். 2022-ல் ஆவடிக்குத் தனி கமிஷனரேட் வந்த பிறகு, சென்னையின் மேற்குப் புறநகர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. விண்ணப்பம் போடும்முன் உங்கள் தெரு சென்னை எல்லையா, ஆவடி எல்லையா என்று பக்கத்து ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.