தூங்கும் பிள்ளை சோம்பேறி அல்லன்

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் பிழை ஒன்றைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். முதல் பாடவேளையில் நாள்தோறும் மேசைமீது தலை சாய்த்துவிடுவான். நான் அவனைப் பின்னால் நிற்க வைத்தேன். மடியின்மை அதிகாரத்தைப் படித்துக்காட்டி, கெட்டுப்போவார் விரும்பி ஏறும் கலங்களுள் வள்ளுவர் துயிலையும் வைத்தார் என்று வகுப்பே கேட்கும்படி அறிவுரை சொன்னேன். அதே மாணவன் ஓய்வுவேளைக்குப் பிறகு, பதினொரு மணிக்குக் கடினமான கணக்குகளை எல்லாருக்கும் முன்னதாகச் செய்து முடிப்பான். அந்த முரண்பாட்டைக் கண்டும் நான் சிந்திக்கவில்லை.

ஒருநாள் அவனுடைய தாயார் வந்தார். "ராத்திரி பன்னிரண்டு ஆனாலும் கண்ணை மூட மாட்டேங்கிறான் ஐயா. அடிச்சும் பார்த்தாச்சு. பள்ளி விடுமுறையில் மட்டும் ஒரு மணிக்குப் படுத்துப் பத்து மணி வரைக்கும் நல்லாத் தூங்குறான்" என்றார். அக்கடைசி வாக்கியத்தில்தான் விடை இருந்தது. தன் நேரத்திற்கு விட்டால் நன்றாக உறங்கும் பிள்ளைக்குத் தூக்கம் வராத நோய் இல்லை. அவன் உடலுக்குள் ஓடும் கடிகாரம் பள்ளிக் கடிகாரத்தோடு பொருந்தவில்லை, அவ்வளவே.

நம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, ஓர் சிறு நரம்பணுக் கூட்டம் உள்ளது. உறக்கம், உடல்வெப்பம், பசி ஆகியவற்றின் அன்றாடத் தாளத்தை நடத்தும் தலைமைக் கடிகாரம் அதுவே. பெரும்பாலோர்க்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. காலை வெளிச்சம் கண்ணில் படும்போது அது நாள்தோறும் திருத்தப்படுகிறது. இரவு இருள் சூழ்ந்ததும் மெலட்டோனின் என்னும் சுரப்பு 'இரவாயிற்று' என்று உடலுக்கு அறிவிக்கிறது. உயிரணுவுக்குள் இக்கடிகாரம் இயங்கும் முறையைப் பழ ஈக்களின்வழி கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டில் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கடிகாரம் பிறழும் வகைகள் பல. இரவு வேலை செய்வோர்க்கு ஒரு வகை, மாலையிலேயே உறங்கி விடியுமுன் விழிக்கும் முதியோர்க்கு ஒரு வகை, ஒளியே உணராத பார்வையற்றோர் சிலர்க்கு மற்றொரு வகை. பதின்ம வயதினரிடம் மிகுதியாகக் காணப்படுவது உறக்கம் பின்தள்ளிப் போகும் வகை. பூப்புப் பருவத்தில் எல்லாப் பிள்ளைகளின் கடிகாரமும் சற்றுப் பின்னுக்கு நகர்வது இயற்கை. சிலரிடம் அது அளவு கடந்துவிடுகிறது.

இதனோடு நம் நாட்டு நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டது. சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் அமைந்தது. நாட்டின் ஒருமைக்கு அது நன்மையே. ஆனால் இன்று நாம் பின்பற்றும் நேரம் 120 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. ஈப்போவோ ஏறத்தாழ 101 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், நம் சுவர்க்கடிகாரம் சூரியனைவிட ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுகிறது. கிந்தா பள்ளத்தாக்கில் ஞாயிறு எழுவது பருவத்திற்கேற்ப ஏறக்குறைய 7 மணி முதல் 7.30 வரை. பள்ளி வேனுக்காக 5.30க்கு எழும் பிள்ளை, சூரியன் கணக்கில் 4.15க்கு எழுகிறது!

"நாங்கள் தோட்டத்தில் இதைவிட முன்பே எழுந்தோமே" என்று தாத்தாக்கள் கேட்கலாம். உண்மைதான். விடியற்காலையில் பால்மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்து பால் நன்றாக வடியும் என்பதால், இருள் பிரியுமுன்பே பெரட்டுக்கு ஆள் சேர வேண்டும். ஆனால் அன்று லயத்தில் இரவும் முன்னதாகவே வந்தது. பொழுது சாய்ந்தபின் கண்ணைத் தாக்கும் ஒளி குறைவு. அண்டை வீடுகளும் ஒருசேர அடங்கின. இன்று தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டோம். அதிகாலை எழுச்சியைக் கொண்டுவந்தோம். முன்னிரவு உறக்கத்தை அங்கேயே விட்டுவிட்டோம். தந்தை தொழிற்சாலையில் இரவு வேலை, தாய் மாலை வேலை, பிள்ளைக்கு இரவு டியூசன், அதன்பின் கைத்தொலைபேசி. வீட்டில் எவர்க்கும் ஒரே இரவு இல்லை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குழுவினர் 1970களில் குகை வௌவால்களை ஆராய்ந்தனர். இருண்ட குகைக்குள் அடைக்கப்பட்ட வௌவால், தன் கூட்டம் அருகில் வாழ்ந்து வெளியே போய் வரும்வரை அதனோடு நேரம் பிசகாமல் இயங்கியது. கூட்டமில்லாத குகையில் அதன் தாளம் தனியே விலகி நகர்ந்தது. மனிதரிடத்தில் ஒளியே முதன்மையான வழிகாட்டி. எனினும் ஒரு குடும்பத்தின் ஒழுங்கும் பிள்ளையின் கடிகாரத்தைத் தாங்கிப் பிடிக்கும் என்பதை எனக்கு நினைவூட்டுவது அந்த வௌவால்தான்.

இனி, செய்யத்தக்கவை. முதலில் இரண்டு வாரம் பிள்ளை உறங்கும், விழிக்கும் நேரங்களைக் குறித்து வையுங்கள். அக்குறிப்போடு மருத்துவரைக் காணுங்கள். உரத்த குறட்டை, இரத்தசோகை, மனச்சோர்வு ஆகியவையும் பகல் தூக்கத்தைத் தரும். கடிகாரமே காரணம் என்று தெரிந்தால் பள்ளி விடுமுறையில் தொடங்குவது நல்லது. பிள்ளை இயல்பாக விழிக்கும் நேரத்தில் வெளியே வெளிச்சத்தில் அரைமணி நேரம் நடக்கவிடுங்கள். பிறகு சில நாளுக்கொருமுறை பதினைந்து நிமிடம் முன்கூட்டி எழுப்புங்கள். எடுத்த எடுப்பில் நள்ளிருளில் எழுப்பிப் பேரொளி காட்டினால் கடிகாரம் மேலும் பின்னுக்குப் போகக்கூடும். மாலைக்குப் பின் காப்பி வேண்டாம். உறங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரம் திரை வேண்டாம். வார இறுதியிலும் விழிக்கும் நேரம் ஒரு மணிக்குமேல் பிந்தக் கூடாது. மெலட்டோனின் தூக்கமாத்திரை அன்று, அது நேரக்குறி. எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

பள்ளிக்கும் கடமை உண்டு. இடைநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல் பரிந்துரைத்தது. பெற்றோர் வேலைக்குப் போகும் நேரத்தை எண்ணினால் இங்கு அது எளிதன்று என்பதை அறிவேன். ஆயினும் முதல் பாடவேளையில் கணிதச் சோதனை வைக்காமலிருக்கலாம். உடற்கல்வியைக் காலை வெயிலில் வைக்கலாம். இரவு டியூசனை முன்னேரத்தில் முடிக்கலாம். இவற்றுக்கு எந்த அமைச்சின் ஆணையும் வேண்டியதில்லை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. அதைப் பறித்துவிட்டு எத்தனை பயிற்றிநூல் கொடுத்து என்ன பயன்?

அந்த மாணவன் ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. இரண்டு மாதம் ஆயிற்று. நடுவே ஒரு பெருநாள் விடுமுறையில் பழைய நிலைக்கே திரும்பி, மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. அவன் கடிகாரம் திருந்துவதற்கு முன்பே திருந்தியது ஒன்று உண்டு. வீட்டில் அடி நின்றது, வகுப்பில் நான் அவனை நிற்க வைப்பதும் நின்றது. வள்ளுவர் கடிந்தது விரும்பி ஏறுவோரின் துயிலை. என் மாணவன் அந்தக் கலத்தில் விரும்பி ஏறியவன் அல்லன். அதை உணராமல் அவனைப் பழித்தது என் குற்றமே. நாளைக் காலை உங்கள் வகுப்பில் ஒரு தலை மேசைமேல் சாயுமானால், கண்டிக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "நேற்று எத்தனை மணிக்கு உறங்கினாய், கண்ணா?"