சாவி யாரிடம்?

எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டுமென்றால், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். சாவி சார் கையில். 'எதையும் தொடாதே!' அதுதான் முதல் பாடம்.

அந்தக் கறுப்புத் திரையில் நாங்கள் தட்டித் தட்டிப் படித்த மொழி, பேசிக். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான தாமஸ் கர்ட்ஸின் கதையைப் பின்னாளில் படித்தபோது சிரிப்புதான் வந்தது. கம்ப்யூட்டர் அறையின் கதவைத் திறந்துவிடுவதற்காகவே பிறந்த மொழி அது!

அமெரிக்காவின் நியூ ஹாம்ஷையர் மாநிலத்தில் உள்ள டார்ட்மவுத் கல்லூரியில், 1956-ல் கணித ஆசிரியராகச் சேர்ந்தார் கர்ட்ஸ். அப்போது அங்கே கம்ப்யூட்டரே கிடையாது. துளையிட்ட அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, ரயிலேறி, பாஸ்டன் பக்கமிருந்த எம்.ஐ.டி-க்குப் போக வேண்டும். அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான். புரோகிராமில் ஒரு தப்பு இருந்தால் போச்சு. திருத்திக்கொண்டு அடுத்த பயணம் வரை காத்திருக்க வேண்டும்.

அலைந்தவருக்குத்தானே அருமை தெரியும்? 'கணக்கு படிப்பவர்கள் மட்டுமல்ல, இலக்கியமும் வரலாறும் படிக்கிற பிள்ளைகளும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த வேண்டும்' என்ற யோசனையோடு துறைத் தலைவர் ஜான் கெமனியிடம் போனார். அவரும் சரி என்றார். ஒரே இயந்திரத்தில் பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஏற்பாட்டை, மாணவர்களையே வைத்து உருவாக்கினார்கள். எவருக்கும் புரிகிற எளிய மொழியாக பேசிக்கையும் எழுதினார்கள். 1964 மே 1, அதிகாலை 4 மணிக்கு அது முதன்முதலாக ஓடியது.

1966-ல் கல்லூரியின் கம்ப்யூட்டர் மையத்துக்கு இயக்குநரானார் கர்ட்ஸ். 1975 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கம்ப்யூட்டரின் ஒவ்வொரு நிமிடமும் காசாக இருந்த காலம் அது. ஆனாலும் மையத்தை நூலகம் போலவே நடத்தினார். அலமாரியிலிருந்து புத்தகம் எடுப்பவரிடம் 'எதற்கு?' என்று யாராவது கேட்பார்களா? அப்படித்தான் இங்கேயும். மாணவர்களுக்கு இலவசம். கேம் விளையாடினாலும் விரட்டவில்லை. தொட்டுத் தொட்டுத்தான் பயம் போகும் என்பது அவருக்குத் தெரியும். 2024 நவம்பரில், 96 வயதில் கர்ட்ஸ் மறைந்தார்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? போன வாரம் கரன்ட் பில் கட்டுவதற்காக அம்மா போனை எடுத்தார். "எதையாவது தொட்டுடாதம்மா, நானே கட்டுறேன்" என்று வெடுக்கென வாங்கிக்கொண்டேன். சொல்லி முடித்த பிறகுதான் சுருக்கென்றது. செருப்பைக் கழற்றச் சொன்ன அந்த அறையின் சாவி, இப்போது என் இடுப்பில்!

அடுத்த பில்லை அம்மாவே கட்டட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு பட்டனைத் தப்பாக அழுத்தினால்தான் என்ன? திருத்துவதற்கு பாஸ்டனுக்கா ரயிலேற வேண்டும்?